பழைய எம்.ஜி.பி.யின் தோல் இருக்கை: வீட்டிலேயே புதுப்பிக்கலாமா?

அபிங்டன்67:
என் 1967 எம்.ஜி.பி. ரோட்ஸ்டரின் (மேற்கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் கார்) ஓட்டுநர் இருக்கை நைந்துவிட்டது. சிவப்புத் தோல். ஏறி இறங்கும்போது உரசி உரசிக் கதவுப் பக்க விளிம்பில் பைப்பிங் (தையல் ஓரத்தில் கயிறு போலப் புடைத்து ஓடும் தோல் பட்டை) ஓரத்துத் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருக்கிறது. உட்கார்ந்தால் பள்ளத்தில் இறங்குகிறேன். இரும்புச் சட்டகம் தொடையில் தட்டுப்படுகிறது. பக்கத்து இருக்கையில் மெல்லிய வெடிப்புகள் மட்டுமே. குஷன் கடையில் கொடுப்பதா, தைத்து விற்கும் உறையை வாங்கி நானே மாட்டுவதா, தோல் வாங்கி நானே வெட்டித் தைப்பதா? வீட்டில் சாதாரணத் தையல் இயந்திரம் ஒன்று இருக்கிறது. குளிர்காலம் முடியும்வரை வண்டியை எடுக்கப்போவதில்லை, அவசரமில்லை.

ஊசிமுனை:
தயங்காமல் நீங்களே தைத்துவிடுங்கள். 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி இது. நுரை, கொக்கி, ரப்பர் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. என் வண்டியின் இரண்டு இருக்கைகளையும் நானே தைத்தேன். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இரண்டையும் ஒரே நேரத்தில் பிரிக்கக் கூடாது. எந்த மடிப்பு எதற்குள் செருகியிருந்தது என்ற குழப்பம் வரும்போது பிரிக்காத இருக்கைதான் பதில் சொல்லும். பழைய உறையைக் கழற்றித் தையலைப் பிளேடால் அறுத்து, ஒவ்வொரு துண்டின் பின்புறமும் எண் போட்டு, அதையே அச்சாக வைத்துப் புதுத் தோலை வெட்டுங்கள்.

குஷன்காரர்:
இருபது ஆண்டுகளாகக் கார் இருக்கை தைப்பவன் நான். ஊசிமுனை நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார், ஆனால் அவர் சொன்னபடி செய்தால் தோல் வீணாகும். பழைய துண்டை அப்படியே அச்சாக வைக்கலாமா? ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆள் உட்கார்ந்த தோல் அது. நடுவில் இழுபட்டிருக்கும், ஓரத்தில் காய்ந்து சுருங்கியிருக்கும். அந்த அளவில் வெட்டினால் உறை ஓரிடத்தில் தொளதொளக்கும், இன்னோரிடத்தில் எட்டாது.

தோல், துணியைப் போன்றது அல்ல. ஒரு முழு மாட்டுத்தோல் ஏறத்தாழ 50 சதுர அடி இருக்கும். முதுகுத்தண்டை ஒட்டிய பகுதி இறுக்கமானது, வயிற்றுப் பகுதி இழுத்த பக்கமெல்லாம் நீளும். உட்காரும் முகப்பை வயிற்றுத் தோலில் வெட்டியவரின் இருக்கை ஒரே கோடையில் தொங்கிப்போகும். சிக்கனம் பார்த்துத் துண்டுகளை நெருக்கி அடுக்குபவர்கள் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது இயந்திரம். பைப்பிங் வரும் இடத்தில் இரண்டு பக்கத் துண்டுகள், நடுவே மடித்த பைப்பிங் தோல் என்று நான்கு அடுக்குத் தோல் சேர்கிறது. ஓர் அடுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்றால் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் கனம். வீட்டு இயந்திரத்தில் கீழ் அடுக்கு நகரும், மேல் அடுக்கு நின்றுவிடும். மேலும் கீழும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இயந்திரம் வேண்டும். தவறித் தைத்துவிட்டால் பிரித்துத் தைக்கலாம் என்று எண்ண வேண்டாம். துணியில் ஊசித்துளை மூடிக்கொள்ளும். தோலில் விழுந்த துளை கடைசிவரை இருக்கும்.

ஊசிமுனை:
ஐயா, அச்சு பற்றி நீங்கள் சொன்னது சரி. பழைய துண்டைக் காகிதத்தில் வரைந்து, பிரிக்காத இருக்கையின் மேல் வைத்துத் திருத்திய பிறகுதான் நானும் வெட்டினேன். அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. ஆனால் இயந்திரத்தைக் காட்டி ஏன் பயமுறுத்துகிறீர்கள்? வாக்கிங் ஃபுட் இயந்திரம் பழையதாகக் கிடைக்கிறது; வேலை முடிந்ததும் விற்றுவிடலாம். கழிவுத் தோலில் ஒரு வாரம் பழகினேன். அங்குலத்துக்கு ஆறேழு தையல் போதும். அதற்கு மேல் நெருக்கினால் தபால்தலை ஓரம் போலத் துளை வரிசையிலேயே கிழியும் என்பதைக் கழிவுத் துண்டில்தான் கற்றுக்கொண்டேன்.

கடையின் வேலை எப்போதும் உயர்வு என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் முந்தைய வண்டியைக் கடையில்தான் கொடுத்தேன். மேலே பளபளப்பாக இருந்தது. இரண்டாண்டில் ஓரம் கழன்றபோது உள்ளே பார்த்தேன்: துருவைத் துடைக்காத சட்டகத்தின் மேல், பொடியாக உதிரும் பழைய நுரையை வைத்தே மூடியிருந்தார்கள். என் கையால் செய்திருந்தால் அதை அப்படி மூடியிருக்க மாட்டேன்.

குஷன்காரர்:
அது கெட்ட கடை. அதை வைத்துத் தொழிலையே எடை போடாதீர்கள்.

பழையதோல்:
இருவரும் தோலைத் தூக்கி எறிவது என்ற முடிவுக்கு வந்த பிறகு சண்டையிடுகிறீர்கள். கேள்வி கேட்டவர் என்ன எழுதியிருக்கிறார் என்று மீண்டும் படியுங்கள். பள்ளத்தில் இறங்குவதாகச் சொல்கிறார். அது தோலின் குற்றமா? நுரைக்குக் கீழே சட்டகத்தில் கட்டியிருக்கும் ரப்பர் காய்ந்து அறுந்திருக்கும். தாங்க ஆளில்லாமல் நுரை அமுங்கும், முழுப் பாரமும் ஓரத் தையலில் இறங்கும், தையல் பிரியும். ரப்பரை மாற்றாமல் புதுத் தோல் போட்டால் அதுவும் அதே இடத்தில்தான் பிரியும்.

செய்த வண்டிகள் 5 லட்சம் இருக்கலாம். ஆனால் பின்னாளில் வந்த எம்.ஜி.பி.க்களில் தோலே கிடையாது, ரெக்சினோ துணியோதான். 1960களின் வண்டிகளிலும் உட்காரும் முகப்பு மட்டும் தோல். பக்கவாட்டும் முதுகும் அப்போதும் ரெக்சின். முழுவதும் தோலாகத் தைத்து "அசல் போல" என்று காட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஆலையிலிருந்து வந்த தோல் போனால் போனதுதான்.

அபிங்டன்67, முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். வெடித்திருப்பது மேற்பூச்சா, அதன் கீழுள்ள தோலின் நாரா என்று பாருங்கள். தோலை மெதுவாக மடித்து, தையல் துளைக்கு அருகில் விரலால் இழுத்துப் பாருங்கள். பூச்சு மட்டும் வெடித்திருந்தால் சுத்தம் செய்து, பதப்படுத்தி, நிறம் கொடுத்துக் காப்பாற்றலாம். பொறை பிஸ்கட் போலப் பொடிந்தால் அந்தத் துண்டு மட்டும் போகட்டும்.

ஊசிமுனை:
காட்சிக்கு வைக்கும் வண்டிக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். அவர் ஓட்டுகிற வண்டி இது. உயிர் போன தோலுக்கு எண்ணெய் பூசினால் மினுமினுக்குமே தவிர வலு வராது.

பழையதோல்:
உயிர் போனதா இல்லையா என்று பார்க்கத்தான் சொன்னேன். பார்க்காமலே பிளேடை எடுக்கச் சொன்னவர் நீங்கள்.

அபிங்டன்67:
மூவருக்கும் நன்றி. நேற்று ஓட்டுநர் இருக்கையை இறக்கி அடிப்பக்கத்தைப் பிரித்தேன். ரப்பர் மூன்று இடங்களில் அறுந்து தொங்குகிறது. நுரையைத் தொட்டால் மஞ்சள் பொடியாகக் கையில் ஒட்டுகிறது. தோலை மடித்துப் பார்த்தேன்: நடுப்பகுதி நன்றாக வளைகிறது, கதவுப் பக்க விளிம்புத் துண்டு மட்டும் துளை வரிசையில் தாள் போலக் கிழிகிறது. ஆகவே சட்டகத்தைச் சுரண்டி வண்ணம் அடிப்பேன். ரப்பரும் நுரையும் புதிது. அந்த ஒரு துண்டை மட்டும் புதுத் தோலில் வெட்டுவேன். ஆனால் ஒரு துண்டுக்காக இயந்திரம் வாங்குவதா?

ஊசிமுனை:
வேண்டாம், கையால் தையுங்கள். பக்கத்துத் துண்டில் இருக்கும் பழைய துளைகளிலேயே, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, இருபுறமிருந்தும் மாற்றி மாற்றி இழுங்கள். புதுத் துண்டில் அதே இடைவெளியில் முன்கூட்டியே துளையிட்டுக்கொள்ளுங்கள். பருத்தி நூல் மக்கிவிடும். திறந்த வண்டியில் வெயில் படுவதால் நைலானைவிடப் பாலியஸ்டர் நூல் நல்லது.

பழையதோல்:
தைப்பதற்கு முன் பழைய துண்டின் ஓரத்துக்குப் பின்னால் மெல்லிய துணிப்பட்டை ஒட்டுங்கள். துளைகளின் மேல் விழும் இழுவையை அது வாங்கிக்கொள்ளும்.

குஷன்காரர்:
கைத்தையல் என்றால் எனக்கு மறுப்பில்லை. இரண்டு விஷயம் மட்டும். புது நுரை பழையதைவிடப் புடைப்பாக இருக்கும், உறை எட்டாதது போலத் தோன்றும். பலமாக இழுக்காதீர்கள். நுரையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினால் உறை வழுக்கிக்கொண்டு இறங்கும். தோலை இளஞ்சூட்டில் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக் கொண்டுவாருங்கள். சூடு அதிகமானால் தோல் சுருங்கி விறைத்துவிடும். உறையை ஒட்டும் பசை காய்வதற்கு முன் மடிப்புக் கோடுகள் நேராக ஓடுகின்றனவா என்று எழுந்து நின்று பாருங்கள். அடுத்தது, புதுத் துண்டின் சிவப்பைப் பழைய சிவப்போடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள், குழல்விளக்கின் கீழ் வேண்டாம். விளிம்புத் துண்டை முதுகுத்தண்டுப் பகுதியில் வெட்டச் சொல்லி வாங்குங்கள். மாதிரியின் படத்தை இங்கே போடுங்கள், வெட்டுவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.