திருச்சி – யாழ்ப்பாணம்: வான்வழித் தூரமும் பயண நேரமும்

திருச்சி உறுப்பினர்:
யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பவர்களிடம், சென்னையைவிட யாழ்ப்பாணம்தான் நமக்குப் பக்கம் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். நேர்கோடாக அளந்தால் திருச்சியிலிருந்து சென்னை விமான நிலையம் 290 கிலோமீட்டருக்குச் சற்று மேல். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியோ ஏறத்தாழ 184 கிலோமீட்டர்தான். அந்தக் கோடு அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கமாகக் கரையைக் கடப்பதால் பாதித் தூரம் நிலம், மீதி பாக் நீரிணை.

இந்தத் தடத்தில் 2025 மார்ச் 30 அன்று தொடங்கிய இண்டிகோ சேவையில்தான் சென்றேன். ஏடிஆர் எனப்படும் சிறிய விசிறி விமானம் என்பதால் பின்கதவு வழியாக ஏற வேண்டும். இறக்கை கூரைக்கு மேலே இருப்பதால், என் இருக்கையின் ஜன்னலுக்குக் கீழே சக்கரம் தரையை விட்டு எழும்பி, தூசியோடு உள்ளே மடங்குவதை முழுமையாகப் பார்க்க முடிந்தது.

மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடிய விமானத்துக்கு இந்தத் தூரம் கணக்குப்படி 22 நிமிடம்தான். ஆனால் பயணச்சீட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போட்டிருக்கும். அட்டவணை நேரம் என்பது விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரத் தொடங்கியது முதல், மறுமுனையில் போய் நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைவரை ஊர்வது, உயரம் ஏறுவது, காற்றின் திசைக்கேற்பச் சுற்றி வந்து இறங்குவது எல்லாம் அதில் அடங்கும். இவ்வளவு குறுகிய தூரத்தில் முழு வேகத்தை எட்டிய சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான் வானில் இருந்தது முக்கால் மணி நேரம்கூட இராது.

யாழ்ப்பாணம் உறுப்பினர்:
ஐயா சொன்ன 184 கிலோமீட்டரின் அருமை எங்களுக்குத்தான் தெரியும். மாமியின் கண் சிகிச்சைக்காகத் திருச்சிக்கு வந்தபோது இரவு பஸ்ஸில் 350 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய், கொழும்புக்கான விமான நிலையம் உள்ள கட்டுநாயக்காவில் விமானம் ஏறினோம். அங்கிருந்து மறுபடியும் வடக்கே 400 கிலோமீட்டருக்கு மேல் பறந்தோம். விடிய விடிய உட்கார்ந்து வந்ததில் மாமியின் கால் வீங்கி, செருப்பே நுழையவில்லை.

பலாலி 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகி, அடுத்த மாதமே அலையன்ஸ் எயாரின் சென்னைச் சேவையும் தொடங்கியபோது இந்தச் சுற்று முடிந்துவிட்டது என்றே நினைத்தோம். கொரோனாவில் நின்ற அந்தச் சேவை மீண்டும் வர 2022 டிசெம்பர் ஆகிவிட்டது. சென்னை 350 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; தூரம் திருச்சியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்றாலும் நேரம் இரு மடங்காவதில்லை, ஒன்றேகால் மணி நேரம் அளவில்தான் ஆகிறது. இரு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அப்படியே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நாகப்பட்டினம் உறுப்பினர்:
எங்கள் ஊரிலிருந்து யாழ்ப்பாணத்தின் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பலில் சென்றவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். கடல்வழி ஏறத்தாழ 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீட்டர். பயணம் நான்கு மணி நேரம். விமானத்துக்கும் மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வதையும், பலாலியில் இறங்கி யாழ் நகருக்குப் போகும் நேரத்தையும் கூட்டினால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பேன். ஆனால் திருச்சிக்காரர் நாகைவரை வர வேண்டுமே. அவருக்கு விமானம்தான் சரி.