விரைநீக்கமா, விந்தக நீக்கமா?

அன்பின் நண்பர்களே,

திருநங்கையருக்கான மருத்துவக் கையேடுகளைத் தமிழாக்கும்போது விரைகளை அறுவையால் அகற்றும் ‘ஆர்க்கிடெக்டமி’யை ‘ஆண்மை நீக்கம்’ என்று எழுதிவிடுகிறோம். செய்தித்தாள் படிப்பவருக்கு அது குற்றவாளிக்குக் கேட்கப்படும் தண்டனை. தானே விரும்பிச் செய்துகொள்ளும் அறுவையின் ஒப்புதல் படிவத்தில் அதற்கு இடமில்லை. ‘காயடித்தல்’ மரியாதைக் குறைவு என்பது ஒருபுறம், பொருளும் தப்பு. மாட்டுக்குக் காயடிக்கும்போது இடுக்கியால் நாளங்களை நசுக்குவார்கள், காய் உள்ளேயே இருந்து சுருங்கும். இங்கே உறுப்பையே வெளியே எடுக்கிறோம். ‘நிர்வாணம்’ திருநங்கையரின் சொந்தச் சொல்தான். ஆனால் அது ஆண்குறியையும் சேர்த்து அகற்றுவது, வேறு அறுவை.

கிரேக்கத்தில் ஆர்க்கிஸ் என்றால் விரை. (ஆர்க்கிட் செடிக்கு அந்தப் பெயர் வந்ததும் கிழங்கின் வடிவத்தால்தான்.) எனவே ‘விரைநீக்கம்’ என்று முன்வைக்கிறேன். ‘விரைவீக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. விரையழற்சி, விரைநாண் என ஒரு குடும்பமே கிடைக்கும்.

-----

> எனவே ‘விரைநீக்கம்’ என்று முன்வைக்கிறேன்.

ஐயா, எழுத்தில் நன்றாக இருக்கிறது, வாயில் வந்தால் சிக்கல். பேச்சில் பலருக்கு ர, ற வேறுபாடு கிடையாது. அறுவைக்கு முன் ஆலோசனைக்கு வருபவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்றே விறைப்பு இருக்குமா, போய்விடுமா என்பது. அந்த இடத்தில் ‘விரைநீக்கம்’ என்றால் ‘விறைப்பு நீக்கம்’ என்றுதான் காதில் விழும். தட்டச்சுப் பிழைகளை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

விரைக்குப் பள்ளிப் பாடநூலில் உள்ள சொல் விந்தகம். பெண்ணுக்குச் ‘சூலக நீக்கம்’ என்கிறோம். ‘விந்தக நீக்கம்’ அதற்கு நேர் இணை. இரண்டையும் எடுத்தால் இருபுற விந்தக நீக்கம்.

வழியையும் முன்னொட்டாகச் சேர்க்க வேண்டும். புற்றுநோய்க்குத் தொடையிடுக்கில் கீறி, விந்தகம் தொங்கும் நாணை மேலேயே கட்டி எடுப்பார்கள். திருநங்கையருக்கு அது தேவையில்லை. விதைப்பையின் நடுவே தையல் போல ஓடும் கோட்டில் 3–4 செ.மீ. கீறி, இரு நாண்களையும் உயரே கட்டி வெட்டுவார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும், அன்றே வீடு திரும்பலாம். இது ‘விதைப்பைவழி விந்தக நீக்கம்’. பின்னாளில் யோனி அமைப்பு அறுவை செய்யும் எண்ணம் இருந்தால் விதைப்பைத் தோலை வெட்டி எறியக்கூடாது, அங்கே அதுதான் மூலப்பொருள். ஆகவே படிவத்தில் ‘விதைப்பை நீக்கம்’ என்று தவறிக்கூட வரக்கூடாது. ஒரே ஓர் எழுத்துப்பிழை அல்ல, வேறு அறுவை அது.

-----

இரு மடல்களையும் படித்தேன். விந்தகம் என்பதில் எனக்குள்ள தடை ஒன்றே: விந்தை மட்டும் நினைவூட்டுகிறது. படிப்பவர் இதைக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையோடு குழப்பிக்கொள்வார். அதில் குழாய்தான் அடைபடுகிறது, ஹார்மோன் சுரப்பு அப்படியே இருக்கும். இதில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதி ஓரிரு நாளிலேயே நின்றுவிடும். மிச்சம் கொஞ்சம் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும்.

ஆனாலும் ஒரு சொல்லின் தலையில் இத்தனையையும் ஏற்ற முடியாது. ‘விந்தக நீக்கம்’ இருக்கட்டும். அடுத்த வரியிலேயே ‘விந்தணு உற்பத்தியும் விந்தகத்தின் ஆண் ஹார்மோன் சுரப்பும் நிரந்தரமாக நின்றுவிடும், பிள்ளை வேண்டுமென்றால் விந்தை முன்பே உறையவைத்துச் சேமிக்க வேண்டும்’ என்று அச்சிட வேண்டும்.

ஏனென்றால் குழப்பம் பிறகு எலும்பில் தெரியும். அறுவைக்குப் பின் ஸ்பைரோனோலாக்டோன், சைப்ரோடிரோன் போன்ற ஆண் ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் பொதுவாகத் தேவைப்படா. அதைக் கேட்டுச் சிலர் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரடையாலையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு ஹார்மோனும் இல்லாத உடலில் எலும்பு அடர்த்தி குறையும், உடல் திடீர் திடீரெனச் சூடேறி வியர்க்கும். ஆகவே ‘ஹார்மோன் மாத்திரை’ என்ற பொதுச்சொல்லே கையேட்டில் வேண்டாம். ‘தடுப்பு மாத்திரை’, ‘ஈட்டு ஹார்மோன்’ என்று பிரித்தெழுதுவோம். ரத்தப் பரிசோதனை முதல் ஆண்டில் 3 மாதத்துக்கு ஒருமுறை. வழிகாட்டிகள் சொல்லும் இலக்கு: ஈஸ்ட்ரடையால் 100–200 பிகோகிராம்/மி.லி., டெஸ்டோஸ்டிரோன் 50 நானோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழ்.

இன்னொரு சொல்லும் முடிவாக வேண்டும். இந்த அறுவையில் அடிக்கடி நேர்வது விதைப்பைக்குள் ரத்தம் கசிந்து கட்டுவது. அதைக் குறைக்கத்தான் இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை, துணியில் சுற்றிய பனிக்கட்டி 20 நிமிடம், சில வாரங்களுக்குக் கனம் தூக்காமை எல்லாம். சிறியதாயின் தானே வற்றும். மணிக்கு மணி பெருத்தால், அல்லது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், உடனே மருத்துவமனை. சில வரைவுகளில் இதை ‘ரத்த உறைவு’ என்று எழுதியிருக்கிறார்கள். அதே கையேட்டில் ஈஸ்ட்ரடையால் பகுதியில், கெண்டைக்கால் சிரைக்குள் ரத்தம் உறைவதற்கும் அதே சொல்தான். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, மூச்சும் திணறும் ஒருவர், பனிக்கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக்கூடாது. முதலாவதற்கு ‘ரத்தக்கட்டு’, இரண்டாவதற்கு மட்டும் ‘சிரை ரத்த உறைவு’. இதற்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த வரைவில் மாற்றிவிடுகிறேன்.