மறு: சர்வர் சைசிங், தமிழில் எது சரி?

வணக்கம். சர்வர் (வழங்கி) வாங்குமுன் அது எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கணக்கிடும் சைசிங்குக்கு விக்சனரியில் (இணைய அகராதி) ஏற்றத் தமிழ்ச் சொல் தேடுகிறோம் அல்லவா, வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "வழங்கி அளவிடல்" என்றே வைத்துவிடலாம், எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் அளவிடல் என்றால் கையில் இருப்பதை அளப்பது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நாம் பேசுவதோ இன்னும் வாங்காத இயந்திரத்தைப் பற்றி. எத்தனை கோர் செயலி, எவ்வளவு ரேம், எந்த மாதிரி வட்டு என்று கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் போடுகிற கணக்கு அது.

> அப்படியானால் "கொள்ளளவுத் திட்டமிடல்"?

கொள்ளளவு வட்டுக்குப் பொருந்தும். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்கிறோம், ஆனால் கடைமடை விவசாயி கேட்பது வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதைத்தான். பலர் ஒரே நேரத்தில் புழங்கும் நிறுவன மென்பொருளிலும் சிக்கல் அந்த ஓட்டத்தில்தான் வரும். வட்டில் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும், பில் போடும் திரை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் முன்வைப்பது சுமைகணிப்பு. ஏன் சுமை என்பதற்கு ஒரு கணக்கையே காட்டிவிடுகிறேன், வாதம் செய்வதைவிட அது சுலபம். ஓடூ என்ற ஈ.ஆர்.பி. (கணக்கு, கொள்முதல், ஸ்டாக் எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனிக்கும் நிறுவன) மென்பொருளின் ஆவணத்தில் ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரே நேரத்தில் வேலை செய்யும் 6 பயனருக்கு ஒரு வொர்க்கர் (கோரிக்கைகளை வாங்கி முடித்துத் தரும் நிரல் ஓட்டம்), செயலியின் கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது வொர்க்கர்களின் உச்ச வரம்பு. 60 பேர் என்றால் 10 வொர்க்கர் வேண்டும், 4 கோர் தாங்குவதோ 9. சரி, 8 வொர்க்கரை ஆட்களுக்கு வைத்துக்கொண்டு ஒன்றைப் பின்னணி வேலைகளுக்கு விடலாம் என்கிறார்கள். வேலைகளில் 20 சதவீதம் கனமானவை, ஒவ்வொன்றும் 1 ஜி.பி. எடுக்கும், மீதி 80 சதவீதம் 150 எம்.பி.யோடு முடிந்துவிடும் என்று வைத்தால் 9 வொர்க்கருக்கும் சேர்த்து ஏறக்குறைய 3 ஜி.பி. ரேம். தரவுத்தளத்துக்கு வேண்டியது இதில் சேராது, அது தனி.

இப்போது அந்த 20 சதவீதத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற ஜி.எஸ்.டி. படிவத்தைத் தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் 20ஆம் தேதி. அன்று மதியத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் புதிதாக பில் போடுகிறவர்கள் குறைவு. ஒருவர் கொள்முதல் பதிவேட்டை மாதம் முழுக்க இழுப்பார், இன்னொருவர் உள்ளீட்டு வரியை ஒவ்வொரு பில்லாக ஒப்பிடுவார், முதலாளி ஸ்டாக் ரிப்போர்ட் கேட்பார். கனமான வேலை 60 சதவீதம் ஆனால் அதே கணக்கில் ரேம் 6 ஜி.பி.யைத் தொடும். ஆட்கள் அதே 60, வட்டும் அதேதான், தேவை மட்டும் இரட்டிப்பு. பயனர் எண்ணிக்கையை மட்டும் கடைக்காரரிடம் சொல்லி சர்வர் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இன்னொரு ஈ.ஆர்.பி. மென்பொருளான எஸ்.ஏ.பி. காரர்கள் இதைத் தங்கள் எஸ்.ஏ.பி.எஸ். என்ற அலகிலேயே சொல்லிவிட்டார்கள். 100 எஸ்.ஏ.பி.எஸ். என்றால் மணிக்கு 2000 ஆர்டர் வரிகளை (ஆர்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி) முழுமையாக முடிக்கும் திறன். கோர், கிகாஹெர்ட்ஸ் எதுவும் அந்த வரையறைக்குள் கிடையாது. முதலில் சுமை, அதற்கப்புறம்தான் பெட்டி.

> "திறன்கணிப்பு" இன்னும் அகலமாக இருக்குமே?

அந்த அகலம்தான் எனக்குத் தொந்தரவாகப் படுகிறது. பள்ளி இயற்பியலில் திறன் என்றால் வாட்டில் அளப்பது. யு.பி.எஸ். வாங்கும் கணக்கும் சர்வர் வாங்கும் கணக்கும் ஒரே சொல்லில் மோதும், இரண்டும் பெரும்பாலும் ஒரே கொட்டேஷனில் வருபவை வேறு. கபாசிட்டிக்குத் தாங்குதிறன் என்று வைத்துக்கொண்டால் சுமைகணிப்போடு அழகாக இணையும்: கணித்த சுமை இவ்வளவு, பெட்டியின் தாங்குதிறன் இவ்வளவு. இரண்டையும் சமமாக வைத்து வாங்கக் கூடாது என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடலாம். வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் எளிய வரிசைக் கோட்பாட்டின்படி செயலி 50 சதவீதம் நிரம்பியிருக்கும்போது ஒரு வேலை முடிய, காத்திருக்காமல் ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம், 80 சதவீதத்தில் 5 மடங்கு, 90 என்றால் 10 மடங்கு.

தாங்களவு என்று ஒருவர் எழுதியிருந்தார். சுருக்கம்தான், ஆனால் 'தாங்கள்' என்று தொடங்கி வாசித்துவிட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. வேண்டாமே.

கன்கரண்ட் யூசருக்கு உடனிகழ் பயனர் என்று சொன்னவருக்கு என் ஓட்டு. மூன்றாம் வேற்றுமையில் உடனிகழ்ச்சிப் பொருள் படித்தவர்களுக்குப் புதிதாக எதுவும் சொல்ல வேண்டாம். ஆனால் வரையறை கறாராக இருக்கட்டும். உரிமம் பெற்ற பயனர் வேறு, காலையில் உள்நுழைந்துவிட்டு டீ குடிக்கப் போனவர் வேறு. கணிப்பில் எண்ண வேண்டியது அந்த நேரத்தில் உண்மையில் வேலை கொடுத்துக்கொண்டிருப்பவரை.

ஒற்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுமைதாங்கி என்று ஒற்று மிகாமல்தானே எழுதுகிறோம், இதுவும் சுமையைக் கணித்தல்தான், எனவே சுமைகணிப்பு. விக்சனரியில் ஏற்றும்போது 'சுமைக்கணிப்பு' என்பதையும் வழிமாற்றாகப் (தேடுபவரைச் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோகும் இணைப்பாக) போட்டுவிடுங்கள், பாதிப் பேர் அப்படித்தான் தட்டச்சு செய்வார்கள்.

த்ரூபுட்டுக்கு (குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது) இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் இருப்பது செயல்வீதம். இதைவிட நல்லதாக இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் இந்த நான்கையும் சேர்த்தே ஏற்றிவிடலாம்.