ஐடிலில் அணையும் மாருதி 800: கார்புரேட்டர் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பா வாங்கிய 1996 மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாடல். ஆக்சிலேட்டரில் கால் இருக்கும்வரை அருமையாக ஓடுகிறது. சிக்னலில் காலை எடுத்து ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலை) விட்டால் இரண்டு மூன்று முறை குலுங்கி அணைந்துவிடுகிறது. வண்டி நன்றாகச் சூடான பிறகும் இதே கதைதான்.

காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுத்துவிட்டால் அணையாமல் நிற்கிறது. அப்படியென்றால் பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது எங்கோ காற்று உள்ளே புகுகிறது என்றுதான் நினைக்கிறேன். பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மூன்றும் புதிது. கார்புரேட்டரின் அடி கேஸ்கட்டைச் சுற்றிலும் வாக்குவம் குழாய்களிலும் கிளீனர் அடித்துப் பார்த்தேன், இன்ஜின் சத்தம் மாறவில்லை, அதனால் அங்கே காற்று புகவில்லை போலிருக்கிறது. ஆனால் ஐடிலில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மாற்றமும் இல்லை! இதுதான் என்னை உறுத்துகிறது. ஐடிலில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஐடில் ஜெட் அடைத்திருக்குமோ? சாவியைத் திருப்பும்போது அந்தப் பெட்ரோல் வழியைத் திறக்கும் மின் வால்வான சோலனாய்டில் 'டிக்' சத்தம் கேட்கிறது, ஆனால் அதன் ஊசி முழுவதும் உள்ளே போகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். எனக்கு மனசில்லை. ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்தால் போதுமா, இல்லை முழுதாகப் பிரித்து ரிப்பேர் கிட் போட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்பா இந்த வண்டியில்தான் தினமும் காலையில் கடைக்குப் போகிறார்.