ரெக்கார்டு அட்டையில் பேர் வராத கலைஞர்கள்: யாரையாவது நேரில் கேட்டிருக்கிறீர்களா?

திரியைத் தொடங்கியவர்

அமெரிக்காவில் மேடிசன் நகரில் படித்த காலத்தில், திங்கட்கிழமை ராத்திரி என்றால் எங்களுக்கு ஒரே இடம்தான். கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் டிரம்ஸ் வாசிக்கும் கிளப். பேர் தெரியாவிட்டாலும் அவர் வாசிப்பு உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவான ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில், மற்ற வாத்தியங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு டிரம்ஸை மட்டும் தனியே ஓடவிடுவார் பாடகர் ஜேம்ஸ் பிரவுன். எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, சுமார் 20 விநாடி. ஹிப்-ஹாப்காரர்கள் அதை வெட்டியெடுத்து நூற்றுக்கணக்கான பாட்டுகளில் போட்டுவிட்டார்கள். பப்ளிக் எனிமியின் ‘ஃபைட் த பவர்’ (1989) அதில் ஒன்று. பாட்டை எழுதியவர் என்று இருந்தது பிரவுன் பேர். அதனால் கிளைடுக்கு ராயல்டி கிடையாது.

அவருடைய இடது கை தெரிகிற மாதிரி இடம் பிடித்து நிற்பேன். வலது கை ஹை-ஹாட் என்கிற இரட்டைத் தட்டில் நிற்காமல் ஓடும். இடது கைக் குச்சி ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாது. ஓங்கி விழும் அடிகளுக்கு நடுவே பொடிப் பொடியாக, கேட்டும் கேட்காத அடிகள். ரெக்கார்டில் அந்தத் தாளம் உருண்டு போகிற மாதிரி இருப்பது இதனால்தான். யாரிடமும் முறையாகக் கற்றவர் இல்லை. சொந்த ஊரான சட்டனூகாவில் கேட்ட ஆலைச் சத்தமும் ரயில் சத்தமும்தான் தாளம் சொல்லிக்கொடுத்தன என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2017-ல் இறந்துபோனார். அவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பாடகர் பிரின்ஸ் சத்தமில்லாமல் பணம் கட்டிய விஷயம், பிரின்ஸ் போன பிறகுதான் வெளியே வந்தது.

டெட்ராய்ட்வாசி

அண்ணே, கொடுத்துவைத்தவர் நீங்கள்! எனக்கு வாய்த்தது வெறும் அறைதான். இங்கே வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியின் மியூசியம் இருக்கிறது. பார்வைக்குச் சாதாரண வீடு, உள்ளேதான் பழைய ஸ்டுடியோ. அந்த ஸ்டுடியோவுக்கு வாசித்தவர்களே வைத்த பேர் ‘பாம்புக்குழி’. உள்ளே நின்று பார்த்தால், இத்தனை பேர் வாத்தியத்தோடு எப்படி அடைந்திருந்தார்கள் என்றுதான் தோன்றும். அறுபதுகளின் ஹிட்டுகள் அங்கே பிறந்தவை. வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவின் பேர் மோட்டவுன் அட்டையில் ஏறியதோ 1971-ல், பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வந்தபோது.

பேஸ்காரன்

அந்தக் குழுவில் ஜேம்ஸ் ஜேமர்சன்தான் என் குலதெய்வம். நிறுத்திவைத்து வாசிக்கிற பெரிய டபுள் பேஸிலிருந்து வந்தவர். அந்தப் பழக்கத்தில் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரையும் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றவும் மாட்டார். ஸ்டீவி வொண்டரின் ‘ஐ வாஸ் மேட் டு லவ் ஹெர்’ பாட்டை ஒற்றை விரலில் வாசிக்க உட்கார்ந்தேன். பாதியிலேயே முன்கை கட்டை மாதிரி ஆகிவிட்டது. இரண்டு விரலுக்கு மாறினால் சுரம் எல்லாம் சரியாக விழுகிறது, அந்த ஆட்டம் மட்டும் வர மாட்டேன் என்கிறது.

பழைய எல்.பி. ஆசாமி

பேர் வராதது ஒரு பக்கம், பங்கு வராததுதான் பெரிய வயிற்றெரிச்சல். பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவுக்காக 1973-ல் ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’ பாடிய கிளேர் டோரிக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு. வார்த்தையே இல்லாமல் குரலாலேயே அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்தியவர். வழக்குப் போட்டு 2005-ல் சமரசமாகி, பாட்டை எழுதியவர்களில் ஒருவராகப் பேர் ஏறியது. மெட்டு என்றால் இப்படி வாதாட ஒரு வழி இருக்கிறது. டிரம்ஸ்காரர் எதைக் காட்டிக் கேட்பார்?

திரியைத் தொடங்கியவர்

சரியாகச் சொன்னீர்கள் சார். கிளைட் விஷயத்தில் ஜனம் வெட்டியெடுத்ததே தாளத்தை மட்டும்தான். பிரவுனின் பாட்டு அதில் இல்லவே இல்லை. அதை வைத்தே கேட்டிருக்கலாம் என்பேன் நான். மெம்ஃபிஸ் பக்கம் போனவர்கள் யாராவது அங்கே இருந்த ஸ்டாக்ஸ் ரெக்கார்டு கம்பெனி ஸ்டுடியோ ஆட்களைப் பற்றி எழுதுங்களேன்.