திருவிழா வேடம்: உண்மையில் வாழ்ந்த ஓவியரா, கற்பனை ஓவியரா?

நீலமை:
அடுத்த மாதம் நாங்கள் வசிக்கும் ஊரில் மறுமலர்ச்சிக் காலத் திருவிழா. முதலாம் எலிசபெத் ஆண்ட 1560களின் ஆங்கிலக் கிராமத்தை அப்படியே அமைப்பார்கள். வேடமிட்டவர்கள் நாள் முழுவதும் கூட்டத்தின் நடுவே உலவ வேண்டும். எனக்கு ஓவியர் வேடம். ஃபிளாண்டர்ஸிலிருந்து (இன்றைய பெல்ஜியப் பகுதி) லண்டனுக்கு வந்தவள், அப்பாவிடம் தொழில் கற்றவள், அரண்மனைக்குச் சிற்றோவியம் தீட்டுபவள் என்று ஒரு பாத்திரத்தை எழுதி வைத்திருக்கிறேன். நல்ல பெயர் ஒன்று சொல்லுங்கள்.

கல்மண்டபம்:
பெயரைத் தேடவே வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது லெவினா டீர்லிங்கின் வாழ்க்கை. ஃபிளாண்டர்ஸின் ப்ரூஜ் நகரத்துப் பெண். கையெழுத்துச் சுவடிகளுக்கு ஓவியம் தீட்டிப் புகழ்பெற்ற சைமன் பெனிங்கின் மகள். 1546இல் எட்டாம் ஹென்றி இவருக்கு ஆண்டுக்கு 40 பவுன் ஊதியம் நிர்ணயித்தார். அதே அரண்மனையில் புகழ்பெற்ற ஓவியர் ஹோல்பைன் பெற்றதோ 30 பவுன். ஹென்றி, எட்வர்ட், மேரி, எலிசபெத் என நான்கு ஆட்சிகளைப் பார்த்துவிட்டு 1576இல் லண்டனில் இறந்தார். இந்த வாழ்க்கையை எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் கழற்றி வைப்பது எந்த வகையில் நியாயம்? பார்க்க வருபவர், இதெல்லாம் சும்மா கதை, அந்தக் காலத்தில் ஏது பெண் ஓவியர் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போவார்.

வெண்கொற்றை:
நான் உடன்படவில்லை. லெவினா கையொப்பமிட்ட ஓவியம் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. அவருடையவை என்று சொல்லப்படுபவை பற்றி ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. எட்டு மணி நேரம் அவர் பெயரில் நீலமை என்ன பேசுவார்? சின்ன வயது நினைவு, அப்பாவோடு சண்டை, ராணியோடு ரகசியம் என்று இட்டுக்கட்டித்தான் ஆக வேண்டும். கேட்ட குழந்தைகள் அதை வரலாறு என்றே நம்பும். கற்பனைப் பெயர் வைத்தால் அந்தப் பொய்யாவது இல்லை.

கல்மண்டபம்:
அதே திருவிழாவில் எலிசபெத் ராணியாக வருபவரும் இட்டுக்கட்டித்தானே பேசுகிறார்? அவரிடம் யாரும் சான்று கேட்பதில்லையே.

வெண்கொற்றை:
ராணியின் கடிதங்களும் உரைகளும் அச்சில் கிடைக்கின்றன. தவறாகப் பேசினால் எவரும் எடுத்துக்காட்டித் திருத்தலாம். லெவினா விஷயத்தில் மறுத்துப் பேச ஒரு வரிகூட இல்லை. மறுக்க முடியாதவர் வாயில்தான் சொற்களை வைக்கக் கூடாது என்கிறேன்.

நீலமை:
இது என்னை யோசிக்க வைக்கிறது. இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்ட்டமீசியா ஜென்டிலெஸ்கி எல்லோருக்கும் தெரிந்தவராயிற்றே, அவரையே எடுத்துக்கொள் என்கிறாள் என் தோழி.

கல்மண்டபம்:
அவர் பிறந்ததே 1593இல். லண்டனுக்கு வந்தது 1630களின் இறுதியில், முதலாம் சார்லஸ் காலத்தில். இன்னொரு பெண் ஓவியர் ஸோஃபோனிஸ்பா அங்விஸோலாவும் ஒத்துவர மாட்டார். இத்தாலியின் கிரெமோனாவைச் சேர்ந்த அவர் 1559இலேயே ஸ்பெயின் அரண்மனைக்குப் போய்விட்டார். உங்கள் கிராமத்துக்குப் பொருந்துபவர் லெவினா மட்டுமே. அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதும் சரியல்ல. புத்தாண்டுப் பரிசுப் பட்டியல்களில் அவர் பெயர் இருக்கிறது. மேரிக்குத் திரித்துவப் படம், எலிசபெத்துக்கு ராணியின் உருவத்தையே அட்டையில் தீட்டிக் கொடுத்தது எல்லாம் பதிவாகியிருக்கின்றன.

செம்பருத்தி:
நான் சிற்றோவியம் தீட்டிப் பழகுபவள், அதனால் நடுவே நுழைகிறேன். என்ன பேசுவது என்றே எல்லோரும் கேட்கிறீர்கள். கையில் என்ன இருக்கும் என்று யோசித்தீர்களா? மிக மெல்லிய கன்றுத்தோலைச் சீட்டுக்கட்டின் சீட்டு ஒன்றில் ஒட்டி, அதன் மேல் நீர்வண்ணத்தில் தீட்டுவார்கள். முன்பக்கம் ஒரு பெண்ணின் முகம், திருப்பினால் இஸ்பேட் சின்னம். வண்ணங்கள் மட்டி ஓடுகளில் இருக்கும். தூரிகை அணில் முடி. அடுத்த தலைமுறைச் சிற்றோவியர் நிக்கோலஸ் ஹில்லியார்ட் 1600ஆம் ஆண்டையொட்டித் தம் தொழிலைப் பற்றி எழுதிவைத்த அறிவுரைகளில் இரண்டு எனக்கு மிகவும் பிடிக்கும். தூசி உதிராத பட்டு உடுத்திக்கொள்ள வேண்டும். படத்தின் மேல் குனிந்து பேசவே கூடாது, எச்சில் துளி பட்டால் வண்ணம் கெடும்.

வெண்கொற்றை:
அது ஹில்லியார்ட் சொன்னது, லெவினா சொன்னதல்ல.

செம்பருத்தி:
உண்மை. ஆனால் தோலும் நீர்வண்ணமும் இருவருக்கும் ஒன்றே. எச்சில் பட்டால் என்ன ஆகும் என்பதை நானே ஒரு கன்னத்தைப் பாழாக்கித் தெரிந்துகொண்டேன். காய்ந்த பிறகும் அந்தப் புள்ளி அம்மைத் தழும்பு போல நின்றது. நீலமை, தூரிகை கையில் இருக்கும்வரை வாய் திறக்காதீர்கள். வந்தவர்கள் உங்கள் வேலையைப் பார்க்கட்டும். தூரிகையைக் கீழே வைத்த பிறகு பெயர், ஊர், அப்பா, சம்பளம், அரசிக்குக் கொடுத்த பரிசு, அவ்வளவு போதும்.

வெண்கொற்றை:
இட்டுக்கட்டாமல் அப்படி நாள் முழுவதும் உட்கார முடியுமானால் என் ஆட்சேபத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதி இருக்கிறது. தீட்டப்போகும் படத்தை லெவினாவின் படம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது.

நீலமை:
சொல்ல மாட்டேன். கேட்பவர்களிடம் அவருடைய படம் என்று உறுதியாகக் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை, இது என் படம் என்றே சொல்லப்போகிறேன். அந்த இடத்தில் வேடத்தை விட்டு வெளியே வந்துதான் பேச வேண்டும் என்றாலும் சரி. பெயர் லெவினாவேதான்.

நேற்று மட்டி வாங்கி வேகவைத்து, ஓடுகளைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் கவுச்சி அடிக்கிறது. செம்பருத்தி, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தால் போகுமா?