சைக்கடெலிக் கராஜ் ராக்: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர், சென்னை – திங்கள்

அனைவருக்கும் வணக்கம். உலக இசை வரலாற்று நூலொன்றில் ராக் பகுதியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சகத்துக்குப் போக வேண்டும். ‘தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’ என்ற குழுவைப் பற்றிய நான்கு பக்கங்களில் சிக்கி நிற்கிறேன்.

டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் 1965 இறுதியில் சேர்ந்த குழு இது. பாடகர் ராக்கி எரிக்சனுக்கு அப்போது பதினெட்டு வயது. அவர் எழுதிய ஒரு பாட்டு 1966இல் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 55ஆம் இடம்வரை ஏறியது. அதே ஆண்டு வந்த முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே ‘சைக்கடெலிக்’ இருக்கிறது. அச்சொல்லைத் தலைப்பில் தாங்கி வந்த முதல் சில ஆல்பங்களுள் அதுவும் ஒன்று. அதனால் ஒலிபெயர்த்துவிட்டுக் கடந்துபோக மனம் வரவில்லை.

எனக்கு வேண்டியவை மூன்று: சைக்கடெலிக் (மனநிலையை மாற்றும் மருந்துகளுக்கு வைத்த பெயர், பிறகு அந்த அனுபவத்தைத் தழுவிய இசைக்கும் ஆனது), கராஜ் ராக் (இளைஞர் குழுக்களின் கரடுமுரடான ராக்), பிறகு இக்குழுவின் டாமி ஹால் வாசித்த ‘எலெக்ட்ரிக் ஜக்’ என்ற குடம். பழைய வரைவில் ‘போதை இசை’ என்று இருந்தது. அதை அடித்துவிட்டேன். அந்தச் சொல் இசையைச் சொல்லவில்லை, பாடியவர்கள்மீது பழி சொல்கிறது.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை – திங்கள் இரவு

தம்பி, ‘மயக்கிசை’ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மயக்கம் என்றதும் தலைசுற்றலை நினைப்பது பிற்கால வழக்கு. தொல்காப்பியத்தில் உயிர்மயங்கியல், புள்ளிமயங்கியல், வேற்றுமை மயங்கியல் என்று மூன்று இயல்களின் பெயரிலேயே மயங்குதல் இருக்கிறது. மெய்ம்மயக்கம் என்றால் மெய்யெழுத்துகள் கூடி நிற்பது. திணைமயக்கத்தில் ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் வந்து கலக்கிறது. கிதாரும் குடமும் எதிரொலியும் ஒன்றில் ஒன்று கலந்து வரும் இசைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னும் செறிவாக வேண்டுமென்றால் ‘மருளிசை’. வெண்பாவாகத் தொடங்கி ஆசிரியப்பாவாக முடியும் பாவுக்கு மருட்பா என்று பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் உருமி உறுமத் தொடங்கியதும் சாமியாடும் மருளாளியின் தோள் முதலில் அதிரும், பிறகுதான் கால் எழும். இசை மனிதனை வேறு நிலைக்குக் கொண்டுபோவதைக் கண்ணால் பார்த்த மக்களின் சொல் அது.

ஆசிரியை, யாழ்ப்பாணம் – செவ்வாய்

ஐயா, மருட்பா விளக்கம் அருமை. ஆனால் மூலச்சொல்லின் பொருள் நேர் எதிரானது. ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் ஆக்கிய சொல் இது. கிரேக்கத்தில் முதற்பாதி உள்ளம், பிற்பாதி வெளிப்படுதல். உள்ளம் வெளிப்படுவதை மருள் என்றால் எப்படி? மெய்யுணர்தல் அதிகாரத்தில் வள்ளுவர் மருள் நீங்கியவருடைய காட்சியைத்தான் மாசற்றது என்கிறார். மருளுக்கு மறுதலை தெருள். ஆகவே ‘தெருளிசை’ என்பது என் முன்மொழிவு.

கராஜுக்கு ஏன் இவ்வளவு பாடு? இங்கே வாகனம் திருத்தக் கொடுப்பவர் எல்லோரும் கராஜ் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே விடலாம்.

மென்பொருள் தமிழாக்கக் குழுவிலிருந்து, கோவை – செவ்வாய்

அக்கா சொல்லும் கடிதப் போக்குவரத்தும் நம் மடலாடல் போன்றதுதான். ஹக்ஸ்லி வேறொரு சொல்லை முன்மொழிந்தார். இருவரும் தத்தம் சொல்லுக்கு ஈரடிப் பாட்டே எழுதிக்கொண்டார்கள். ஹக்ஸ்லியின் சொல் நாக்கில் நிற்கவில்லை, ஆஸ்மண்டினுடையது நின்றது. அது கிரேக்கப் புணர்ச்சி விதிப்படி பிழை என்று குறைசொன்னவர்களும் உண்டு.

‘தெருளிசை’யைக் கேட்டவுடன் தெருவிசை என்றுதான் என் காதில் விழுகிறது. ‘உளவெளி ராக்’ எப்படி? வெளி என்பது வெளிப்படுதலையும் குறிக்கும், பரந்த வெளியையும் குறிக்கும். இரண்டும் இங்கே பொருந்தும்.

எங்கள் ஊரில் மெக்கானிக் கடையை ஷெட் என்போம். ஆனால் இந்தப் பையன்கள் அங்கே வாசிக்கவில்லை. வீட்டோடு ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில் பழகியவர்கள் என்பதால் வந்த பெயர். ‘கொட்டகை ராக்’ என்றால் நாடகக் கொட்டகை, டூரிங் கொட்டகை என்று கலைவாசமும் சேர்ந்து வரும்.

பேராசிரியர், மதுரை – செவ்வாய் இரவு

கொட்டகையை வடமொழிக் கோஷ்டத்திலிருந்து வந்ததாக அகராதி சொல்லும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொட்டு, கொட்டம், கொட்டில் என்று தமிழிலேயே ஒரு குடும்பம் இருக்கிறது. கொட்டு என்றால் பறையும்தான், கொட்டுமேளம் என்கிறோம். கொட்டு முழங்கும் இடம் கொட்டகை என்று கொண்டால் இந்த இசைக்கு வேரிலேயே இடம் கிடைக்கிறது.

ஆசிரியை, யாழ்ப்பாணம் – புதன்

மாடு கட்டும் இடத்துக்கும் கொட்டில் என்றுதானே பெயர், ஐயா? அங்கே முழங்கியது எது? இந்த வேராராய்ச்சியை ஏற்க இயலவில்லை.

ஒலிப்பதிவாளர், சிங்கப்பூர் – புதன்

குடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பேராசிரியர் ஐயா குடமுழாவை நினைவூட்டுவதற்குமுன் சொல்லிவிடுகிறேன்: இது தட்டும் கருவி அல்ல. பழைய ஜக் வாசிப்பாளர்கள்போல ஊதுவதும் இல்லை. டாமி ஹால் குடத்தின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு அதற்குள் குரல் கொடுத்தார். குடத்தின் வயிற்றில் குரல் உருண்டு வெளியே வருகிறது. புறா குனுகும் என்று மரபுச்சொல் படித்தோமே, அந்தக் குனுகல்தான், ஆனால் மூச்சுவிடாமல் விரைந்தோடும் குனுகல். முதல் முறை கேட்டபோது ஒலிநாடா பழுதோ என்று நிறுத்திப் பார்த்தேன். ‘மின்குடம்’ என்றால் குடத்தில் மின்சாரம் இருப்பதாகப் படும். ‘குரற்குடம்’ என்று எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை – புதன் இரவு

குரற்குடத்தை எடுத்துக்கொண்டேன், மிக்க நன்றி. கொட்டகை ராக்கும் இருக்கட்டும். அமெரிக்காவிலேயே கராஜ் ராக் என்ற பெயர் பிறகு ஒட்டியதுதான். 1972இல் இசை எழுத்தாளர் லென்னி கே பழைய ராக் பாட்டுகளைத் தொகுத்த இரட்டை ஆல்பத்தில் இவர்கள் பாட்டும் இருக்கிறது. அவர் தம் குறிப்பில் எழுதிய பெயர் பங்க் ராக்.

ஆனால் ஐயா, மருளிசைக்கு என்னால் உடன்பட முடியாது. மனநிலையை மாற்றும் அந்த மருந்துகளை மருத்துவர்கள் அதுவரை பித்துநிலையைப் போலச் செய்பவை என்று பொருள்படும் பெயரால் அழைத்துவந்தார்கள். அந்தப் பித்துச் சாயலை விலக்கத்தான் ஆஸ்மண்ட் புதுச்சொல் தேடினார். இந்தக் குழுவின் முடிவையும் பாருங்கள். காவல்துறை தொடக்கம் முதலே துரத்தியது. 1968இல் பழைய ஒலிப்பதிவுகள்மீது கைதட்டலைச் சேர்த்து நேரடிக் கச்சேரி என்று இசைத்தட்டு நிறுவனம் விற்றது. 1969இல் ஒரே ஒரு கஞ்சா சுருட்டுக்காக எரிக்சன் பிடிபட்டார். டெக்சஸ் சட்டத்தில் நெடுங்காலச் சிறைக்கு வாய்ப்பிருந்ததால், சித்தம் சரியில்லை என்று வாதாடித் தப்பப் பார்த்தார்கள். விளைவு, 1972வரை மனநலக் காப்பகம். கடைசிக் காலம் ரஸ்க் என்ற ஊரில், கொலைக்குற்றம் புரிந்தவர்கள் நடுவில். பித்தன் என்ற பெயரால் அடைக்கப்பட்டவனுடைய பாட்டுக்கு நானும் மருள் என்று பெயரிடுவதா?

இன்னொரு கேள்வி. ‘குழு கலைந்தது’ என்று எழுதியிருந்தேன். கூட்டம் கலைந்தது, மேகம் கலைந்தது என்பதுபோலத் தானாக நடந்ததாகப் படுகிறது. ‘கலைக்கப்பட்டது’ என்றால் ஏதோ ஆணை வந்ததுபோல இருக்கிறது.

பேராசிரியர், மதுரை – வியாழன்

தம்பி, அந்த இளைஞனுக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன். ஆனால் மருளாளியை எங்கள் ஊரில் யாரும் அடைத்து வைப்பதில்லை, விழுந்து கும்பிடுகிறார்கள். மருள் உங்களுக்கு இழிவாகப் படுவது நகரத்துக் காது. என் வாக்கு மருளிசைக்கே. வினைக்கு ‘சிதைந்தது’ என்று எழுதலாம்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை – வியாழன் இரவு

வந்த மறுமொழிகளில் உளவெளிக்கு மூன்று, ஒலிபெயர்ப்புக்கு நான்கு, தெருளுக்கும் மருளுக்கும் ஒவ்வொன்று. ‘சைக்கடெலிக் கொட்டகை ராக்’ என்று போடுகிறேன், உளவெளி அடிக்குறிப்பில் வரும். கடைசிப் பத்தியில் ‘குழு சிதைந்தது’ என்று மாற்றிவிட்டேன்.

ஆசிரியை, யாழ்ப்பாணம் – வெள்ளி காலை

அச்சுக்குப் போகாமல் இருந்தால் அடிக்குறிப்பில் தெருளையும் ஒரு சொல்லாகச் சேர்த்துவிடுங்கள், தம்பி. கொட்டகை என்று இங்குள்ள பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். சவாரி மாடு கட்டும் இடமா என்று கேட்கிறார்கள்.